லீ கமிஷனும் எட்டு ரூபாய்க் காவலரும்

லீ கமிஷன் என்றதும் மாணவர்கள் ஒரே வரியை ஒப்புவிப்பார்கள்: 'உயர் பதவிகளில் இந்தியரைக் கூடுதலாக நியமிக்கப் பரிந்துரைத்த குழு, 1924.' யானும் வகுப்பறையில் பல்லாண்டுகள் அவ்வண்ணமே கற்பித்தவன்தான். அவ்வரி பொய்யன்று, ஆயினும் பாதிக் கதையே. அக்கமிஷன் தோன்றுவதற்கு ஒரு பெருங்காரணம், இந்தியாவில் பணிபுரிந்த ஆங்கில அதிகாரிகளின் சம்பளக் குறையும் ஓய்வூதியக் கவலையுமாகும். அவர்களுள் போலீஸ் அதிகாரிகளும் இருந்தனர்.

முதல் உலகப் போருக்குப்பின் விலைவாசி பெரிதும் உயர்ந்துவிட்டது. மாவட்டப் போலீஸ் சூப்பரிண்டெண்டு வாங்கிய சம்பளம் ரூபாயில். தாயகத்தில் பயிலும் பிள்ளைகளுக்கு அனுப்பவேண்டிய செலவோ பவுனில். இதனோடு வேறோர் அச்சமும் சேர்ந்துகொண்டது. 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் சில இலாகாக்களை இந்திய மந்திரிகளிடம் ஒப்படைத்தது. போலீஸ் இலாகா அவற்றில் சேரவில்லை; எனினும் நாளை அதுவும் கைமாறினால் தம் ஓய்வூதியத்திற்கு யார் பிணை என்று அவர்கள் கலங்கினர். பணிக்காலத்திற்கேற்ற ஓய்வூதியத்துடன் முன்னதாகவே விலகலாம் என்ற சலுகையைப் பயன்படுத்திப் பல்வேறு பணிகளிலிருந்து முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் கப்பலேறிவிட்டனர்.

இந்நிலையில்தான் 1923இல் லீ பிரபுவின் தலைமையில் கமிஷன் அமைந்தது. அதன் உறுப்பினருள் ஒருவர் டேவிட் பெட்ரி. அவரே இந்தியப் போலீஸ் அதிகாரி. பிற்காலத்தில் பிரிட்டிஷ் உளவுத்துறைக்குத் தலைவரானவரும் அவர்தாம். குறை கூறுவோரின் ஆள் ஒருவர் நீதி கூறுவோரின் வரிசையிலும் அமர்ந்திருந்தார்!

கமிஷன் தாராளமாகவே நடந்துகொண்டது. கடல் கடந்து வந்து உழைப்பதற்கான தனிப்படியை உயர்த்தி, ரூபாய்க்கு இரண்டு ஷில்லிங் வீதம் கணக்கிடலாம் என்றது. அந்நாளைய சந்தை விலையினும் இது மிகுதி. பணிக்காலத்தில் தாயகம் சென்றுவர அதிகாரிக்கும் மனைவிக்கும் நான்கு முறை கப்பல் செலவு தரவும் பரிந்துரைத்தது. மறுபுறம், போலீஸ் உயர் பதவிகளில் இந்தியர் பாதியளவு எய்த இருபத்தைந்து ஆண்டுகள் ஆகும்படி வகுத்தது. மத்திய சட்டசபையில் மோதிலால் நேருவின் திருத்தம் வென்றது. எனினும் அரசாங்கம் முக்கியமான பரிந்துரைகளை நிறைவேற்றவே செய்தது.

இனி, அதே இலாகாவின் அடித்தட்டைக் காண்போம். கர்சான் பிரபு 1902இல் நியமித்த பிரேசர் கமிஷன், கான்ஸ்டபிளின் சம்பளம் மாதம் 8 ரூபாய்க்குக் குறையலாகாது என்று பரிந்துரைத்தது. அதற்கும் குறைவாகப் பலர் பெற்றுவந்தனர் என்பதை இதனால் உணரலாம். சொற்பச் சம்பளம் லஞ்சத்திற்கு வித்திடுகிறது என்பதையும் அக்கமிஷன் உணர்ந்திருந்தது.

ஆனால் அந்த எட்டு ரூபாய்க் காவலர், கூடுதலாக வேண்டும் என்று வேலையை நிறுத்திக் கேட்க இயலாது. 1861ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தின்படி, அனுமதியோ இரண்டு மாத முன்னறிவிப்போ இன்றிப் பணியிலிருந்து விலகினால் மூன்று மாதச் சம்பளம் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. எட்டு ரூபாய்க்காரருக்கு அபராதம் மட்டுமே 24 ரூபாய் ஆகலாம். அதிகாரிகள் ஓய்வூதியத்துக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த 1922இல் மற்றொரு சட்டம் வந்தது. போலீசாரிடையே அதிருப்தியைத் தூண்டுவோரையும் வேலையை நிறுத்தச் சொல்வோரையும் அது தண்டித்தது. போலீசாரின் நலனுக்காக அமைந்த சங்கங்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் அச்சங்கத்தை அரசாங்கம் அங்கீகரித்திருக்க வேண்டும், அதன் விதிகளையும் அரசாங்கமே ஏற்றிருக்க வேண்டும்.