நின்று உழைப்போரின் இடுப்புவலியும் காலணியும்

ருகூஉ, ஸுஜூதுக்குக் குனிய முடியாமல் நாற்காலி தேடும் நடுவயதினரைப் பள்ளிவாசல்களில் பார்க்கிறோம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கட்டிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங் பிரிவினருக்கு நாள் முழுக்க நின்றே வேலை. சிமெண்ட் தரை சற்றும் அமுங்காது. அதில் வெறுங்காலோடு அல்லது தேய்ந்த ஹவாய் செருப்போடு நின்றால் கால் சோர்ந்து, உடல் சாய்ந்து, பாரம் இடுப்பில் இறங்குகிறது.

காலணி வாங்கும்போது கவனிக்க வேண்டியவை: குதிகாலைப் பிடிக்கும் பின்பட்டை, உயரம் குறைந்த குதி, நடுவில் மடங்காத அடிப்பாகம், விரல்களுக்கு இடம். கால் சற்று வீங்கியிருக்கும் மாலையில் அளவு பாருங்கள். ஒரு பக்கம் தேய்ந்தால் மாற்றிவிடுங்கள். உளூவுக்குப் பின் விரல் இடுக்குகளை உலர்த்தி அணியுங்கள். வெளிச்செருப்புக்கு அனுமதி இல்லையெனில், உள்ளே மட்டும் அணியத் தனி ஜோடி வைக்கக் கேளுங்கள்.

காலணி மட்டுமே வலியைத் தடுத்துவிடாது. இடையிடையே உட்காரவும் வேண்டும். நின்று வேலை செய்வோருக்கு இருக்கை வசதி, 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவே வலியுறுத்திய விஷயம். முதலாளிகளான சகோதரர்களே, இது சலுகையல்ல, உங்களிடமுள்ள அமானிதம்.

வலியுடன் கால் மரத்துப்போனால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். நம் உடலுக்கும் நம்மீது உரிமை உண்டென நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்துள்ளார்கள். உழைப்போர் அனைவருக்கும் அல்லாஹ் ஆஃபியத்தைத் தருவானாக.