டிஜிட்டல் ஆழ மைக்ரோமீட்டர்

உலோகத்தில் கடைந்த துளை, படி, காடி ஆகியவற்றின் ஆழத்தை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் காட்டும் கைக்கருவி. லேத் பட்டறைகளில் டெப்த் மைக்ரோமீட்டர் என்பார்கள். தச்சர்கள் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரித்து வேலை பார்ப்பது வழக்கம். ஒரு நூல் 3,175 மைக்ரான். இக்கருவியின் திரையிலோ கடைசி இலக்கம் 1 மைக்ரான்.

அனுமந்தன்பட்டி போன்ற கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களில் இந்த நுணுக்கம் கிணற்று மோட்டாரில் வந்து நிற்கிறது. முல்லைப் பெரியாறு ஒரு பக்கம் இருந்தாலும் தென்னைக்கும் திராட்சைக்கும் கிணற்றுத் தண்ணீரும் வேண்டும்; மோட்டார் நின்றால் பயிர் காத்திருக்காது. மோட்டார் மூடியில் தேய்ந்த பேரிங் குழிக்குப் புஷ் போட்டு மறுபடி கடையும்போது விட்டத்தைப் போலவே ஆழமும் முக்கியம். 6205 எண் பேரிங்கின் அகலம் 15 மி.மீ. சாதாரணத் தரத்தில் அது 0.12 மி.மீ. வரை குறைந்திருக்கலாம். ஆகவே கையிலுள்ள பேரிங்கை அளந்த பிறகே குழியின் ஆழத்தை முடிவு செய்ய வேண்டும். நகராமல் பிடிக்க வேண்டிய பேரிங்குக்கு ஆழம் கூடினால் அது குழிக்குள் ஆடும். குறைந்தால் மூடி முழுதாக உட்காராது.

கருவியின் உயிர் அதன் அடித்தட்டு. நன்றாகத் தேய்த்துச் சமன் செய்த அந்த எஃகுத் தட்டின் நடுவிலிருந்து ஒரு கம்பி கீழே இறங்கும். திருகின் ஓட்டம் பெரும்பாலும் 25 மி.மீ. மட்டுமே, அதற்கு மேல் கம்பியை மாற்ற வேண்டும், மாற்றும்போதெல்லாம் தொடக்க அளவையும் புதிதாகப் பொருத்த வேண்டும். முதல் கம்பிக்குச் சமதளக் கல் போதும். நீளக் கம்பிகளுக்கு அளவுக் கட்டைகள் தேவை.

ஜான் லோரான் பால்மர் 1848-இல் பிரான்சில் காப்புரிமை பெற்ற திருகு அளவியின் வழிவந்ததே இதுவும். ஆனால் கோடு பார்த்துப் படிக்கும் பழைய ஆழ மைக்ரோமீட்டரில் எண்கள் தலைகீழாக ஓடும். திருகோடு சுழலும் உருளை மூடி மறைத்த கோடுகளைக் கணக்கிட வேண்டும். வெளிவிட்ட மைக்ரோமீட்டரில் பழகிய கண் இங்கே எளிதில் தவறும். டிஜிட்டல் திரையின் பெரிய நன்மை அந்தத் தவற்றை நீக்கியதுதான்.

கைத்தவற்றை அது நீக்குவதில்லை. இடது கை விரல்கள் தட்டை இருபுறமும் அழுத்திப் பிடித்திருக்க, வலது கை, அழுத்தம் மிகுந்தால் நழுவும் ராட்செட்டை மட்டும் திருக வேண்டும். உருளையையே முறுக்கினால் கம்பி அடியில் முட்டித் தட்டைத் தூக்கிவிடும். குழி விளிம்பில் பிசிறு இருந்தாலும் தட்டு எழும்பும். இரண்டிலும் அளவு கூடுதலாகவே வரும்; கடைசல்காரர் ஆழம் வந்துவிட்டதென்று உளியை நிறுத்திவிடுவார். குழியின் அடியில் ஒட்டிய சுருள் இதற்கு எதிராக அளவைக் குறைத்துக் காட்டும்.

திரை 1 மைக்ரான் காட்டுவதால் அளவு 1 மைக்ரானுக்குச் சரி என்று பொருளல்ல. கருவியின் பிழை வரம்பு வேறு. வெப்பமும் சேரும். நீள அளவுகளுக்கு உலகப் பொது வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். கோடையில் 35 பாகையில் இருக்கும் பட்டறையில், 100 மி.மீ. அலுமினிய ஆழம் ஏறக்குறைய 35 மைக்ரான் நீளும். அளக்கும் எஃகுக் கம்பியோ 17 மைக்ரான்தான் நீளும். எஃகை எஃகால், இரண்டும் ஒரே சூட்டில் இருக்கும்போது அளந்தால் இந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடும். கடைந்து முடித்த உடனே, தொட்டால் சுடும் நிலையில் அளக்கக் கூடாது என்பது அதனால்தான்.