லெஜன்ட் ஆஃப் த ஃபைவ் ரிங்ஸ் விளையாட்டின் போர்நிலைகள்

போர்நிலை என்பது, லெஜன்ட் ஆஃப் த ஃபைவ் ரிங்ஸ் என்னும் மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டில், சண்டையின்போது ஒரு பாத்திரம் தன் முறை வருகையில் தேர்ந்தெடுக்கும் நிலை ஆகும். ரொக்குகான் என்னும் கற்பனை நாட்டின் சாமுராய்களைப் பற்றிய இவ்விளையாட்டின் முதற் பதிப்பு 1997 இல் வெளிவந்தது. இதன் பெயர் மியாமோட்டோ முசாசியின் ஐந்து வளையங்களின் நூலை ஒட்டியது. அந்நூலில் மேல், நடு, கீழ், இடம், வலம் என ஐந்து வாள்நிலைகள் கூறப்படுகின்றன. ஆயினும் விளையாட்டின் நிலைகளுக்கும் அவற்றுக்கும் எண்ணிக்கையைத் தவிரப் பொருத்தமில்லை.

நான்காம் பதிப்பு

2010 இல் வந்த இப்பதிப்பில் பத்துமுகப் பகடைகள் பலவற்றை உருட்டி, அவற்றுள் சிலவற்றை மட்டும் வைத்துக் கூட்டுவர். 10 விழுந்தால் அப்பகடையை மீண்டும் உருட்டிச் சேர்ப்பதால் ஒரு பகடையின் சராசரி 5.5 இலிருந்து ஏறத்தாழ 6.1 ஆக உயர்கிறது. தாக்குதல், முழுத் தாக்குதல், தற்காப்பு, முழுத் தற்காப்பு, மையம் என்பன இதன் ஐந்து நிலைகள்.

இவற்றுள் சமநிலைச் சிக்கல் மிகுந்தது முழுத் தாக்குதலே. இதில் தாக்குபவர் இரண்டு பகடைகளைக் கூடுதலாக உருட்டி ஒன்றைக் கூடுதலாக வைத்துக்கொள்வார். அதற்கு ஈடாக அவரைத் தாக்கத் தேவையான இலக்கு எண் 10 குறையும். எதிரி திருப்பித் தாக்கினால்தான் இந்த விலையைக் கொடுக்க நேரும். நில வளையம் 2 உடைய ஒருவர் 20 காயப் புள்ளிகள் பெற்றால், அவருடைய எல்லா முயற்சிகளின் இலக்கு எண்ணும் 10 கூடிவிடும். எனவே முதலில் வெட்டுபவர் தாம் இழந்த காப்பைப் பெருமளவு மீட்டுக்கொள்கிறார்.

செயல்களின் எண்ணிக்கை இதனை மேலும் சாய்க்கிறது. ஒரு முறையில் ஒரு கூட்டுச் செயலோ இரண்டு எளிய செயல்களோ செய்யலாம். வாள்வீச்சு பொதுவாகக் கூட்டுச் செயல். உயர்படிப் பயிற்சி பெற்ற வீரர்களுக்கோ அது எளிய செயலாகிறது. அப்போது நன்மை இரு வீச்சுகளுக்கும் கிடைக்க, இழப்பு அதே 10 ஆகவே நிற்கிறது. மைய நிலை இதற்கு நேர்மாறானது. ஒரு முறை முழுவதையும் விட்டுக்கொடுத்து அடுத்த முறையில் ஒரே ஒரு உருட்டலுக்கு வலுச் சேர்ப்பதால், பலர் மோதும் சண்டையில் அது அரிதாகவே பயன்தரும். இருவர் வாட்போரில்தான் அது பொருந்துகிறது.

ஐந்தாம் பதிப்பு

2015 இல் உரிமையை வாங்கிய ஃபேன்டசி ஃப்ளைட் கேம்ஸ் 2018 இல் வெளியிட்ட பதிப்பு, நிலைகளை நிலம், நீர், தீ, காற்று, வெறுமை ஆகிய ஐந்து வளையங்களோடு இணைத்தது. தேர்ந்த நிலையின் வளையமே அம்முறையின் எல்லா உருட்டல்களுக்கும் உரியது. காற்று நிலையில் எதிரியின் இலக்கு எண் 1 கூடும். சாதாரண வாள்வீச்சின் இலக்கு எண் 2 மட்டுமே என்பதால் இது சிறு மாற்றமன்று. நீர் நிலை, உருட்டல் தேவைப்படாத ஒரு செயலைக் கூடுதலாகத் தரும். தீ நிலையில், உருட்டல் வெற்றி பெற்றால், வைத்துக்கொண்ட மனஅழுத்தக் குறிகள் கூடுதல் வெற்றிகளாகும், அழுத்தமும் ஏறும். வெறுமை நிலையில் அவ்வழுத்தம் ஏறாது. நில நிலை, எதிரி வாய்ப்புக் குறிகளைக் கொண்டு கடுங்காயம் விளைவிப்பதைத் தடுக்கும்.

இதனால் தாக்குதலின் விலை எதிரியின் கையிலிருந்து ஓரளவு தாக்குபவரின் மனநிலைக்கு மாறியது. எனினும் வளையத்தின் மதிப்பே உருட்டும் வளையப் பகடைகளையும் வைத்துக்கொள்ளும் பகடைகளையும் முடிவுசெய்வதால், விளையாடுவோர் தம் உயர்ந்த வளையத்தின் நிலைக்கே திரும்பத் திரும்பச் செல்லும் போக்கு இப்பதிப்பிலும் உண்டு.