பெருநாள் அட்டையும் ஸ்டென்சிலும்: நம் பகுதியின் ஒரு பழைய கதை

 

பெருநாள் நெருங்கினால் நம் போன்களெல்லாம் வாழ்த்துப் படங்களால் நிறைந்துவிடும். அதே பிறை, அதே விளக்கு, அதே வாசகம். காலையில் ஒருவர் அனுப்பிய படம் மாலைக்குள் ஆறு பேரிடமிருந்து திரும்பி வரும். அனுப்புகிறவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வாழ்த்து அட்டையைக் கையால் செய்த காலம் ஒன்று இருந்தது. அதற்குப் பெரிய சாமான் ஒன்றும் தேவைப்படவில்லை. ஒரு பிளேட், ஒரு பழைய எக்ஸ்ரே தாள், கொஞ்சம் வர்ணம் போதும். வெட்டிய அந்தத் தாளுக்குப் பெயர் ஸ்டென்சில். அதன் வரலாறு மிகவும் நீண்டது. அதில் ஒரு பகுதி நம் கொட்டாஞ்சேனை, புதுக்கடைத் தெருக்களோடும் சேர்ந்தது. பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு மட்டையில் பிறை வடிவத்தை வெட்டி எடுக்கிறோம். ஓட்டை விழுந்த மட்டை ஸ்டென்சில். அதை அட்டையின் மேல் வைத்து ஸ்பொஞ்சால் வர்ணம் ஒற்றினால் வெள்ளையில் நிறப் பிறை விழும். வெட்டி எடுத்த பிறைத் துண்டையும் எறியக் கூடாது. அது மறைப்பு. அதை அட்டையின் மேல் வைத்துச் சுற்றிலும் நீலம் தெளித்து, பிறகு தூக்கிப் பார்த்தால் நீல வானத்தில் வெள்ளைப் பிறை இருக்கும். ஒரே வெட்டில் இரண்டு கருவிகள் கிடைக்கின்றன.

இந்த இரண்டில் மூத்தது மறைப்பு. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் ஒரு குகைச் சுவரில் மனிதக் கையின் உருவம் இருக்கிறது. கையைப் பாறையில் வைத்து, அதைச் சுற்றிச் செம்மண் வர்ணத்தை ஊதியிருக்கிறார்கள். கையை எடுத்ததும் அதன் வடிவம் மட்டும் வர்ணம் படாமல் நின்றுவிட்டது. அது குறைந்தது 39,900 ஆண்டுகள் பழையது என்று 2014-இல் வெளியான ஆய்வு சொன்னது. ஆர்ஜென்டினாவிலும் இப்படிக் கைகள் நிறைந்த குகை ஒன்று உண்டு. அங்கே பெரும்பாலானவை இடது கைகள். வர்ணம் ஊதும் குழலை வலது கை பிடித்திருக்க வேண்டும் என்று காரணம் சொல்கிறார்கள்.

ஓட்டை போட்ட தாளைத் தொழிலாக வளர்த்தவர்கள் கிழக்காசிய மக்கள். சீனாவின் துன்ஹுவாங் குகைகளில் ஊசியால் குத்திய கடதாசிகள் கிடைத்திருக்கின்றன. அவற்றைச் சுவரில் வைத்துப் பொடியைத் தட்டினால் புள்ளிப் புள்ளியாக உருவம் இறங்கும். ஒரே புத்தர் உருவத்தைச் சுவர் முழுக்கத் திரும்பத் திரும்ப வரைய அது உதவியது. நம் பெண்கள் துணியில் பூவேலை செய்வதற்கு முன், குத்திய தாளில் பொடி தேய்த்து மாதிரி இறக்குவதும் இதே முறைதான். ஜப்பானில் கிமோனோத் துணிக்கு வர்ணம் போட, கடதாசிகளை ஒருவகைப் பழத்தின் காய்ச்சாற்றால் ஒட்டி, தண்ணீருக்கு அசையாத தாளாக்கி, அதில் மயிரிழை அளவு நுணுக்கமாக வெட்டினார்கள். ஐரோப்பாவில் 15-ஆம் நூற்றாண்டிலேயே, மரக்கட்டையில் அச்சிட்ட சீட்டுக்கட்டுகளுக்கு ஸ்டென்சில் வைத்து நிறம் பூசினார்கள். பணக்காரருக்கு ஓவியர் கையால் வரைந்து கொடுத்தார். சாதாரண ஆளின் கைக்குப் போன சீட்டுக்கு நிறம் கொடுத்தது ஸ்டென்சில்.

இனி வாழ்த்து அட்டைக்கு வருவோம். 1840-இல் இங்கிலாந்தில் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் முறை வந்தது. மூன்று ஆண்டுகளில், 1843-இல், ஹென்றி கோல் என்பவர் ஓவியர் ஹோர்ஸ்லியைக் கொண்டு முதல் கிறிஸ்மஸ் அட்டையை அச்சிட்டார். குறைந்தது 1,000 பிரதிகள். கோடுகள் அச்சில் வந்தவை, நிறம் மட்டும் கையால் பூசியது. விலை ஒரு ஷில்லிங். அன்றைய தொழிலாளிக்கு அது பெரிய காசு. ஆக, முதல் அட்டையே பாதி அச்சும் பாதிக் கைவேலையுமாகத்தான் பிறந்தது.

அந்த வழக்கம் ஆங்கிலேயரோடு இலங்கைக்கு வந்தது. அதற்குப் பிறகு நடந்தது நம் அயலின் கதை.

1883 மார்ச் 25, ஈஸ்டர் ஞாயிறு. கொட்டாஞ்சேனையில் மீகெட்டுவத்தே குணானந்த தேரரின் விகாரையை நோக்கிப் பௌத்தர்களின் ஊர்வலம் போகிறது. பக்கத்தில் புனித லூசியா பேராலயம். கத்தோலிக்கர்களுக்கும் பௌத்தர்களுக்கும் மோதல் வெடித்தது. காயங்களோடு உயிரிழப்பும் நேர்ந்தது. குற்றவாளிகள் தண்டிக்கப்படவில்லை என்ற மனக்குறையோடு, பௌத்தர்களின் கோரிக்கைகளை எடுத்துக்கொண்டு கேணல் ஒல்கொட் 1884-இல் லண்டன் போனார். 1885-இல் வெசாக் அரச விடுமுறையானது. அதே ஆண்டு பௌத்தக் கொடியும் ஏற்றப்பட்டது. கிறிஸ்மஸுக்கு இருந்ததெல்லாம் வெசாக்குக்கும் வேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்தில் வளர்ந்தது. கிறிஸ்மஸ் கீதத்தைப் பார்த்து வெசாக் பக்திகீதம் வந்தது. கிறிஸ்மஸ் அட்டையைப் பார்த்து வெசாக் அட்டை வந்தது. வெசாக் கூட்டுக்கு ஒட்டும் கடதாசிப் பூக்களை மடித்து வெட்டப் பழகிய கைகளுக்கு ஸ்டென்சில் வெட்டுவது புதிய வேலையே அல்ல.

நம் பெருநாள் அட்டையும் இப்படி இன்னொருவரைப் பார்த்து வந்ததுதான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட இந்திய நகரங்களில் ஈத் அட்டைகள் விற்பனைக்கு வந்தன. ஆரம்பத்தில் பல அட்டைகள் ஐரோப்பாவில் அச்சானவை. அவற்றில் இருந்த பூக்கள், புறாக்கள், காட்சிகளின் மேல் உருதுவில் ஈத் முபாரக் என்று அச்சிட்டு விற்றார்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஒரு சமூகத்தின் நல்ல வழக்கத்தை இன்னொரு சமூகம் எடுத்துக்கொண்டது, அவ்வளவே.

கொழும்பு மக்களுக்கு ஸ்டென்சில் தினமும் கண்ணில் படும் பொருளாகவும் இருந்தது. 1883-இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. தோட்டங்களிலிருந்து வரும் ஒவ்வொரு தேயிலைப் பெட்டியிலும் தோட்டத்தின் பெயர், தேயிலையின் தரம், எடை எல்லாம் உலோகத் தகட்டு ஸ்டென்சிலால் கறுப்பு மையில் போடப்பட்டிருக்கும். அரிசி மூட்டையிலும் சீமெந்துப் பையிலும் அதே எழுத்து. எழுத்தின் நடுவே இடைவெளி விட்டு உடைந்ததுபோலத் தெரியும் அந்த அச்சைப் புறக்கோட்டையில் நாட்டாமை வேலை செய்த யாருக்கும் அடையாளம் காட்டத் தேவையில்லை.

பாடசாலைக்கு ஸ்டென்சில் வந்தது இன்னொரு வழியில். 1881-இல் லண்டனில் டேவிட் கெஸ்டெட்னர் மெழுகுத் தாளில் சிறு சக்கரப் பேனாவால் எழுதிப் பிரதி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். பிறகு தட்டச்சு இயந்திரத்திலேயே மெழுகுத் தாளை வைத்து அடிக்கும் காலம் வந்தது. எழுத்து விழுந்த இடத்தில் மெழுகு விலகும், அந்த வழியாக மை இறங்கும். நாம் ரோனியோ என்று சொன்னது அதைத்தான். புதுக்கடை நீதிமன்றப் பகுதி. பிரதி என்பது இங்கே பலருக்குச் சோறு போட்ட சொல். போட்டோ கொப்பி வரும்வரை வினாத்தாள், பள்ளிவாசல் அறிவித்தல், தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரம், மரண உதவிச் சங்கத்தின் கணக்கு எல்லாம் ரோனியோவில்தான் வந்தன. அச்சகத்துக்குக் கொடுக்கக் காசு இல்லாதவர்களின் அச்சகம் அது. பிழை விட்டால் பூசும் சிவப்புத் திரவத்தின் வாசனையை மூத்த ஆசிரியர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள்.

சித்திரப் பாடத்தில் பிள்ளைகள் கற்ற தெளிப்பு முறை இதன் சின்னத் தம்பி. வேப்பிலையையோ பன்ன இலையையோ அட்டையில் வைத்து, பழைய டூத் பிரஷை வர்ணத்தில் தோய்த்துச் சீப்பில் தேய்த்தால் மழைத் தூறல் போல வர்ணம் விழும். இலை மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும். சுலவேசிக் குகையில் கை இருந்த இடத்தில் நாம் இலையை வைக்கிறோம்.

நம் பெருநாள் அட்டைகளில் பிறையும் நட்சத்திரமும் ஏன் இவ்வளவு அதிகம்? மார்க்க அடையாளமாகக் கருதியதும், உயிருள்ளவற்றின் உருவங்களைத் தவிர்த்ததும் காரணங்கள். வெட்டுகிறவருக்கு இன்னொரு காரணமும் தெரியும். ஸ்டென்சிலில் ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டத்தை நிறுத்த முடியாது, உள்ளே இருப்பது கழன்று விழும். பிறைக்கும் நட்சத்திரத்துக்கும் அந்தத் தொல்லை இல்லை. எழுத்துக்கு வந்தால்தான் சிக்கல். தமிழில் வ, க, த ஆகியவற்றின் மூடிய வயிறும் அரபியில் மீம், வாவ் ஆகியவற்றின் கண்ணும் விழுந்துவிடும். அதனால் நடுவே மெல்லிய பாலம் விட்டு வெட்ட வேண்டும். தேயிலைப் பெட்டி எழுத்து உடைந்து தெரிந்ததும் இதனால்தான். ஜப்பானியர் பாலத்துக்குப் பதிலாக இரண்டு தாள்களுக்கு நடுவே பட்டு நூலை ஓட்டிப் பிடித்தார்கள்.

இரண்டு நிறம் வேண்டுமானால் இரண்டு ஸ்டென்சில் வேண்டும். புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் 1909-இல் கட்டி முடிக்கப்பட்ட சிவப்புப் பள்ளிவாசலை அட்டையில் போட நினைத்தால், முதல் ஸ்டென்சிலில் கட்டடத்தின் முழு வடிவம், இரண்டாவதில் சிவப்புப் பட்டைகள் மட்டும். இரண்டின் மூலையிலும் ஒரே இடத்தில் குறி போட்டால் நிறம் விலகாது. வர்ணம் குறைவாக, ஸ்பொஞ்சை நேராக மேலிருந்து ஒற்ற வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் ஓரத்துக்குக் கீழே கசியும்.

இந்தச் சின்ன வேலையை ஒரு நாடே கொண்டாடியது உண்டு. ஜப்பானியர் புத்தாண்டுக்கு ஒருவருக்கொருவர் அட்டை அனுப்புவார்கள். அதை வீட்டிலேயே செய்ய, ரிசோ நிறுவனம் 1977-இல் பிரிண்ட் கொக்கோ என்ற கைப்பெட்டியை விற்பனைக்கு விட்டது. வரைந்த படத்தின் மேல் மின்னல் பல்ப் ஒளிர்ந்ததும் மெல்லிய தாளில் அதே வடிவத்தில் ஓட்டை விழும். அதுதான் ஸ்டென்சில். ஒரு கோடிக்கு மேல் விற்றது. கணினியும் பிரிண்டரும் வந்த பிறகு 2008-இல் அந்தப் பெட்டியின் விற்பனை நின்றது. நம் வீடுகளில் நடந்ததும் அதுவே.

இதை ஏன் இப்போது எழுதுகிறோம்?

2019 ஏப்ரல் 21-உம் ஓர் ஈஸ்டர் ஞாயிறு. கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தில் இறந்தவர்கள் நம் தெருக்களில் நடந்தவர்கள். 1883-இன் பேராலயத்துக்கும் 2019-இன் ஆலயத்துக்கும் இடையே 136 ஆண்டுகள் இருக்கின்றன. தூரம் என்று பார்த்தால் நடந்தே போய்விடலாம். அந்த நாளுக்குப் பிறகு பல வீடுகளில் ஒருவர் கதவை ஒருவர் தட்டவே தயங்கினோம். நம் பிள்ளைகளும் அந்தத் தயக்கத்தைப் பார்த்துத்தான் வளர்ந்தார்கள்.

வாழ்த்து அட்டை கலவரத்தைத் தடுக்கும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அட்டைகள் புழங்கிய நாட்டில்தான் 1915-உம் 1983-உம் நடந்தன. ஆனால் பிள்ளை ஒன்று பக்கத்து வீட்டுக்காக அரை மணி நேரம் உட்கார்ந்து வெட்டி, வர்ணம் ஒற்றி, காயவைத்து, அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமானால் அந்தக் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும். போனில் வரும் படத்துக்காக யாரும் கதவைத் தட்டுவதில்லை.

செலவும் தடையில்லை. 2022 மார்ச்சில் கடதாசியும் மையும் இறக்குமதி செய்ய முடியாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டோம். ஸ்டென்சிலுக்குப் புதுக் கடதாசிதான் வேண்டும் என்பதில்லை. பழைய கலண்டரின் பின்பக்கம், பிஸ்கட் பெட்டியின் உள்பக்கம், எதிலும் வர்ணம் பிடிக்கும். ஒரு பிரிஸ்டல் போட் வாங்கினால் ஏழெட்டு அட்டைகள் எளிதாக வரும். பிளேட் பிடிக்கும் வேலையைச் சின்னப் பிள்ளைகளிடம் விடாமல் பெரியவர்கள் வெட்டிக் கொடுங்கள், ஒற்றுவதும் தெளிப்பதும் அவர்கள் வேலையாக இருக்கட்டும். ஒருமுறை வெட்டிய எக்ஸ்ரே தாளைத் துடைத்து வைத்தால் அடுத்த வருடமும் உதவும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். இந்த நோன்பின் கடைசிப் பத்தில் பிள்ளைகளோடு ஒரு பிறை ஸ்டென்சில் வெட்டுங்கள். முதல் அட்டை உறவினருக்குப் போகட்டும். இரண்டாவது, நம் பெருநாளைக் கொண்டாடாத ஒரு வீட்டுக்குப் போகட்டும். வெசாக்குக்கும் கிறிஸ்மஸுக்கும் தைப்பொங்கலுக்கும் அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு தாமரையோ நட்சத்திரமோ பானையோ வெட்டிக்கொடுக்க நம் பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும்.

மூத்தவர்களிடம் இன்னொன்று. வீட்டில் பழைய பெருநாள், வெசாக் அட்டைகள், ரோனியோ ஸ்டென்சில் தாள்கள், தேயிலைப் பெட்டிக்கு எழுத்துப் போட்ட தகடுகள் ஏதும் கிடந்தால் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். படமெடுத்துக் கீழே பதிவிடுங்கள். எந்தத் தெருவில், எந்த வருடத்தில், யார் கையால் செய்தது என்று நினைவில் இருப்பதையும் சேர்த்து எழுதுங்கள். வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டுவோம்.