ஒன்பதாவது மாடிக்குப் போன மருந்தாளுநர்

போன வருஷம் ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பா பாத்ரூம் போற வழியில விழுந்துட்டார். வயசு 78. எலும்பு எதுவும் முறியலை, தலையில ஸ்கேன் எடுத்துப் பார்த்தாங்க, அதுவும் நார்மல். "வயசாச்சு, கிறுகிறுப்பு வரத்தான் செய்யும்" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ரெண்டு நாள் வார்டில் வைத்துப் பார்க்கலாம் என்று சேர்த்தோம்.

அடுத்த நாள் காலையில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பொண்ணு வந்து, "ஐயா என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்க?" என்று கேட்டது. நான் பெருமையாக போனில் இருந்த எக்செல் ஷீட்டைத் திறந்து காட்டினேன். 11 வரிசை. மாத்திரைப் பெயர், காலை, மதியம், இரவு, எந்த டாக்டர் எழுதினது, எல்லாம் இருக்கு. அந்தப் பொண்ணு சிரித்துவிட்டு, "லிஸ்ட் இருக்கட்டும் சார். வீட்ல இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் அப்படியே ஒரு பையில போட்டு எடுத்துட்டு வர முடியுமா?" என்றது.

மஞ்சப்பையில் அள்ளிக்கொண்டு வந்தேன். கட்டிலில் கொட்டி, ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பின்பக்கம் படித்தது. இருபது நிமிஷத்தில் மூன்று விஷயம் வெளியே வந்தது.

முதலாவது, ஹார்ட் டாக்டர் எழுதிய ஒரு பிரஷர் மாத்திரையும், சுகர் டாக்டர் எழுதிய ஒரு கூட்டு மாத்திரையும் வேற வேற பெயர். ஆனால் ரெண்டுக்குள்ளேயும் டெல்மிசார்ட்டன் இருக்கு. என் ஷீட்டில் அவை தனித்தனி வரிசை. ஒரே மருந்து ரெண்டு முறை உள்ளே போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே இல்லை.

இரண்டாவது, "கால் வீக்கம் எப்ப ஆரம்பிச்சது ஐயா?" என்று அப்பாவிடம் கேட்டது. யோசித்துப் பார்த்தால், அந்தக் கூட்டு மாத்திரை ஆரம்பித்த பிறகுதான். அதில் இருக்கும் இன்னொரு மருந்தான அம்லோடிபின் சிலருக்குக் கால் வீக்கம் தரும். அந்த வீக்கத்துக்கு மூன்றாவதாக ஒரு டாக்டர் நீர் மாத்திரை கொடுத்திருந்தார். அப்பா அதை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டிருந்தார். ராத்திரி ரெண்டு மணிக்கு ஏன் பாத்ரூம் போனார் என்பதற்கான பதில் அங்கே இருந்தது.

மூன்றாவதைக் கடைசியில் சொல்கிறேன். அந்தப் பொண்ணு போகும்போது, "நீங்க டாக்டராம்மா?" என்று கேட்டேன். "இல்ல சார், பார்ம் டி. இன்டர்ன்." அதற்கு நான் கேட்டது இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது: "ஓ, மெடிக்கல் ஷாப்ல நிக்கிறதுக்கா இவ்வளவு படிப்பு?"

அந்தக் கூச்சத்தில்தான் இதைத் தேட ஆரம்பித்தேன்.

வாயை மூடிக்கொள்ளச் சொன்ன காலம்

மருந்தாளுநர் என்பவர் ஒரு காலத்தில் மருந்தை உண்டாக்கியவர். இடித்து, கலக்கி, அளந்து, உருட்டிக் கொடுத்தவர். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அந்த வேலையைத் தொழிற்சாலைகள் எடுத்துக்கொண்டன. மிச்சம் இருந்தது எண்ணிப் போடுவதும், லேபிள் ஒட்டுவதும்.

இதில் விசித்திரம் என்னவென்றால், தெரிந்ததைச் சொல்லக்கூட அவருக்கு அனுமதி இல்லை. அமெரிக்க மருந்தாளுநர் சங்கம் 1952ல் வெளியிட்ட தொழில் ஒழுக்க விதிகளைப் பாருங்க. சீட்டில் உள்ள மருந்து என்ன செய்யும், அதில் என்ன இருக்கிறது என்பதை நோயாளியிடம் பேசக் கூடாது, கேட்டால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம். 1969ல்தான் அந்த விதியை மாற்றினார்கள்.

நடுவில் தனியாளாக ஒருவர் வேறு மாதிரி செய்து பார்த்தார். வர்ஜீனியா மாநிலத்தில் பெரிவில் என்ற சின்ன ஊரில் யூஜீன் வைட் என்பவர் 1960ல் தன் மருந்துக்கடையை ஒரு டாக்டர் கிளினிக் மாதிரி மாற்றினார். குளிர்பானம், சாக்லேட் வியாபாரத்தை எல்லாம் எடுத்துவிட்டு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு அட்டை போட்டு, யார் என்ன மருந்து சாப்பிடுகிறார்கள் என்று எழுதி வைத்தார். ரெண்டு டாக்டர் எழுதிய ஒரே மருந்து அந்த அட்டையில் மாட்டிக்கொள்ளும். அப்பா விஷயத்தில் எங்களுக்கு இல்லாமல் போனது அந்த ஒரு அட்டைதான்.

பட்டம் முதலில் வந்தது, இடம் பிறகு வந்தது

நான் தேட ஆரம்பித்தபோது ஒரு யூகம் வைத்திருந்தேன். படிப்பை உயர்த்தினார்கள், அதனால் வேலை உயர்ந்தது என்று. தேதிகள் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 1950லேயே பார்ம் டி. படிப்பைத் தொடங்கிவிட்டது. சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 1955ல் தொடங்கியது. ஆனால் படித்து வந்தவர்கள் பெரும்பாலும் திரும்பப் போனது அதே கவுன்டருக்குத்தான். பெயருக்கு முன்னால் டாக்டர் இருந்தது. செய்த வேலை எண்ணிப் போடுவது.

இடம் மாறியது 1966 செப்டம்பரில். அதே சான் ஃபிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் மொஃபிட் ஆஸ்பத்திரியில், ஒன்பதாவது மாடி அறுவை சிகிச்சை வார்டுக்குள்ளேயே ஒரு சின்ன மருந்தகத்தைத் திறந்தார்கள். 24 மணி நேரமும் அங்கே மருந்தாளுநர் இருப்பார். ஆஸ்பத்திரி மருந்தாளுநர் எரிக் ஒயாங், பேராசிரியர்கள் சிட்னி ரீகல்மன், ஜெரே கோயன் ஆகியோர் இதற்குப் பின்னால் இருந்தவர்கள். (கோயன் பின்னாளில், 1979ல், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்டிஏவின் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் மருந்தாளுநர் அவர்தான்.)

கேட்க இது சாதாரணமாக இருக்கும். ஒரு கடையை மாடிக்கு மாற்றினார்கள், அவ்வளவுதானே? ஆனால் அதன் விளைவைப் பாருங்க. கீழே இருக்கும்வரை மருந்தாளுநரிடம் வருவது ஒரு சீட்டு. மேலே வந்ததும் அவர் கண்ணுக்கு எதிரே கட்டில், கட்டிலில் ஆள், கட்டிலின் காலடியில் கேஸ் ஷீட். இந்த ஆளுக்குச் சிறுநீரகம் எப்படி, நேற்று ராத்திரி தூங்கினாரா, வாந்தி எடுத்தாரா என்பதெல்லாம் தெரிகிறது. டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது பக்கத்தில் நிற்கிறார். நர்ஸ் கேள்வி கேட்கிறார். பதில் தெரியவில்லை என்றால் அன்றைக்கே படித்தாக வேண்டும். மாணவர்களும் அங்கேயே பயிற்சிக்கு வந்தார்கள். பிறகு கிளினிக்கல் பார்மசி என்று மற்ற ஊர்களுக்குப் பரவியதில் பெரும்பகுதி இந்த மாடியிலிருந்து கிளம்பியதுதான்.

எங்க தொழிலில் உள்ளவர்களுக்கு இது புரியும். கோடு எழுதுகிறவனை ஒரு வாரம் சப்போர்ட் டீமில் உட்கார வைத்தால், ஒரு வருஷம் கிளாஸ் எடுத்தாலும் வராத புத்தி வந்துவிடும்.

என்னதான் படிக்கிறார்கள்?

இப்போது அந்த மூன்றாவது விஷயம். அப்பாவுக்குப் பாத எரிச்சலுக்காக பிரிகாபலின் என்ற மாத்திரை போய்க்கொண்டிருந்தது. அந்தப் பொண்ணு லேப் ரிப்போர்ட்டைப் பார்த்தது. கிரியாட்டினின் 1.2. ரிப்போர்ட்டில் அதற்குப் பக்கத்தில் எந்தச் சிவப்பும் இல்லை, நார்மல். "ஐயா எடை எவ்வளவு?" 50 கிலோ. போனில் ஒரு கணக்குப் போட்டுவிட்டு முகம் சுருங்கியது.

அந்தக் கணக்கு 1976ல் காக்ராஃப்ட், கால்ட் என்ற இருவர் வெளியிட்ட சூத்திரம். 140லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியாட்டினினை 72ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். பெண்களுக்கு வருவதை 0.85ஆல் பெருக்க வேண்டும். நீங்களே போட்டுப் பாருங்க. 30 வயது, 70 கிலோ ஆண், கிரியாட்டினின் 1.2 என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 89 மில்லி. அதே 1.2 அப்பாவுக்கு 36 மில்லி. ரிப்போர்ட்டில் ஒரே எண், ஆனால் மருந்தை வெளியேற்றும் வேகம் பாதிகூட இல்லை. பிரிகாபலின் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியே போகும். இந்த அளவுக்குச் சிறுநீரகம் குறைந்தவர்களுக்கு டோஸைப் பாதியாக்க வேண்டும். அப்பாவுக்கு முழு டோஸ் போய்க்கொண்டிருந்தது. கிறுகிறுப்புக்கு வயசு மட்டும் காரணமில்லை.

மருந்துப் பெயரை மனப்பாடம் செய்வது இந்தப் பயிற்சியில் ஒரு சின்னப் பகுதிதான். ஒரே உடம்பில் நாலு நோய், நாலு டாக்டர், பதினோரு மாத்திரை இருக்கும்போது, எது எதோடு மோதுகிறது, எது இந்தச் சிறுநீரகத்துக்கு அதிகம், எதை நிறுத்தலாம் என்று மொத்தமாகப் பார்க்கப் பழகுவதுதான் பெரிய பகுதி.

வயதானவர்கள் விஷயத்தில்தான் இந்தத் துறை வேகமாக வளர்ந்தது. 1974ல் அமெரிக்காவில் முதியோர் நர்சிங் ஹோம்களில் மருந்தாளுநர் மாதாமாதம் ஒவ்வொருவரின் மருந்துகளையும் சரிபார்க்க வேண்டும் என்று விதி வந்தது. 1991ல் மார்க் பியர்ஸ் என்ற டாக்டர், நர்சிங் ஹோமில் இருக்கும் முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலை வெளியிட்டார். இன்றும் திருத்தித் திருத்திப் பயன்படுத்துகிறார்கள். ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து அதற்கு இன்னொரு மருந்து கொடுக்கும் சங்கிலியை 1990களில் பவுலா ரோஷன், ஜெர்ரி குர்விட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பெயர் வைத்து எழுதினார்கள். அப்பாவின் கால் வீக்கமும் நீர் மாத்திரையும் அதேதான்.

இதனால் பலன் உண்டா என்று கேட்டால், 1999ல் வந்த ஒரு ஆய்வைச் சொல்லலாம். பாஸ்டனில் மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் டாக்டர்களோடு ரவுண்ட்ஸில் ஒரு மருந்தாளுநரையும் சேர்த்தார்கள். மருந்து எழுதுவதில் நேரும், தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் ஆயிரம் நோயாளி-நாட்களுக்கு 10.4லிருந்து 3.5 ஆகக் குறைந்தன. மருந்தாளுநர் சொன்ன 366 யோசனைகளில் 362ஐ டாக்டர்கள் ஏற்றுக்கொண்டார்கள். டாக்டர்கள் கேட்க மாட்டார்கள் என்ற பயம் இருந்தால், அந்த எண் அதற்குப் பதில்.

நம்ம ஊர்க் கதை

இந்தியாவில் பார்மசி சட்டம் 1948ல் வந்தது. மருந்துத் தொழிற்சாலைகள் வளர வேண்டிய காலம், படிப்பும் அதை நோக்கியே போனது. 1990களின் பிற்பகுதியில் மைசூர், ஊட்டி ஜேஎஸ்எஸ் கல்லூரிகள் போன்ற சில இடங்களில் ஆஸ்பத்திரி வார்டை மையமாக வைத்த முதுநிலைப் படிப்பு தொடங்கியது. 2008ல் பார்ம் டி. ஆறு வருஷம், அதில் கடைசி வருஷம் முழுக்க ஆஸ்பத்திரி வார்டில் இன்டர்ன்ஷிப். கல்லூரி நடத்த 300 படுக்கை ஆஸ்பத்திரியோடு தொடர்பு வேண்டும் என்பது விதி.

காகிதத்தில் நல்ல திட்டம். ஆனால் இன்டர்ன்ஷிப் முடிந்த மறுநாள் அந்தப் பொண்ணு எங்கே போகும்? அந்த வேலைக்குத் தனிப் பதவி வைத்திருக்கும் ஆஸ்பத்திரிகள் குறைவு. பலர் மருந்துப் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் கம்பெனிகளுக்கும் மெடிக்கல் கோடிங்குக்கும் போகிறார்கள். அங்கே கம்ப்யூட்டர் இருக்கிறது, கட்டில் இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் 1955க்கும் 1966க்கும் நடுவில் இருந்த அதே இடைவெளி. அங்கே 11 வருஷத்தில் கடந்தார்கள். நமக்கு 2008லிருந்து எண்ணிக்கொள்ளுங்க.

அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். அந்தப் பொண்ணு சொன்னதைக் கேட்டு டாக்டர் படுக்கையிலும் நிற்கவைத்தும் பிரஷர் பார்த்தார். இரட்டையாகப் போன மருந்தில் ஒன்று நின்றது, பாத எரிச்சல் மாத்திரை பாதியானது, அம்லோடிபினை மாற்றினார், நீர் மாத்திரை தேவையில்லாமல் போனது. பதினொன்று எட்டானது. (இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்தாதீங்க. டாக்டரிடம் கேட்டுத்தான் செய்யணும்.) அதற்குப் பிறகு அப்பா விழவில்லை.

டிஸ்சார்ஜ் சம்மரியை இந்தப் பதிவுக்காக மறுபடி எடுத்துப் பார்த்தேன். நாலு டாக்டர்கள் பெயர் இருக்கிறது. டயட்டீஷியன் பெயர் இருக்கிறது. அந்தப் பொண்ணு பெயர் எங்கேயும் இல்லை, நானும் அன்றைக்குக் கேட்கவில்லை. கையெழுத்துப் போட ஒரு கட்டம் இருந்தால்தானே பெயர் வரும்.

அமெரிக்காவில் இப்படி மருந்துகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு வரச் சொல்வதற்குப் பழுப்புப் பை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நம்மிடம் மஞ்சப்பை இருக்கிறது. உங்க வீட்டுப் பெரியவர்களை அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போது, அதில் எல்லா மாத்திரையையும் போட்டு எடுத்துட்டுப் போங்க. "இங்கே கிளினிக்கல் பார்மசிஸ்ட் இருக்காங்களா?" என்றும் கேளுங்க. அடுத்த முறை நானும் கேட்கப் போகிறேன், பெயரோடு சேர்த்து.