போதுமென்ற மனமும் ஓரியூர்ச் சிறையும்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள தேவதானத்தில், ஒரு ஞாயிறு திருப்பலியில் போதுமென்ற மனத்தைப் பற்றி மறையுரை ஆற்றினேன். பலி முடிந்ததும், வயல் கூலிக்குச் செல்லும் மூதாட்டி ஒருவர் அருகில் வந்தார். "சாமி, இருக்கிறது போதும்னு இருக்கச் சொல்றீங்க. இல்லாதவங்க எதைப் போதும்னு சொல்றது?" என்று கேட்டார். விடை தெரியாமல் நின்றேன். அன்றிரவு புனித அருளானந்தரின் வரலாற்றை மீண்டும் எடுத்து வாசித்தேன்.

1647 மார்ச் 1 அன்று லிஸ்பனில் உயர்குடியில் பிறந்தவர் அவர். சிறுவயதில் அரண்மனையில் இளவரசர் பேதுருவுக்குப் பணிவிடைத் தோழராய் இருந்தார். 1662-இல் இயேசு சபையில் சேர்ந்தார், 1673-இல் கப்பலேறினார், மறு ஆண்டு மதுரை மறைப்பணித் தளத்தை அடைந்தார். பண்டாரசாமியாகக் காவியுடுத்தி, புலால் மறுத்து, சோறும் காய்கறியுமே உணவாகக் கொண்டார்.

1686-இல் மறவ நாட்டில் உபதேசியார்களோடு பிடிபட்டுச் சித்திரவதைக்கு உள்ளானார். அந்நாட்டில் இனிப் போதிக்கலாகாது என்ற தடையோடு விடுவிக்கப்பட்டார். சபை அலுவலாக ஐரோப்பா சென்றபோது, அரசராகிவிட்ட பழைய தோழர் அவரை லிஸ்பனிலேயே நிறுத்திக்கொள்ள விரும்பினார். அங்கும் அவர் தமிழ்நாட்டு உணவு நெறியைக் கைவிடவில்லை. 1690-இல் இந்தியா திரும்பினார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டு உயிர் நீத்தார். அதற்கு முந்நாள் சிறையிலிருந்து உடன் துறவியருக்கு அவர் எழுதிய மடலில் புலம்பல் இல்லை. மகிழ்ச்சியே மேலோங்கி நிற்கிறது.

இந்த மனநிறைவை வியக்கும்போதே ஓர் உண்மையை நாம் மறந்துவிடலாகாது. அருளானந்தரின் ஏழ்மை அவரே விரும்பி ஏற்றது. வேண்டாமென்றால் திரும்பிச் செல்ல அவருக்கு ஓர் அரண்மனை இருந்தது. அம்மூதாட்டியின் ஏழ்மையோ அவர் மீது சுமத்தப்பட்டது. முன்னதைக் காட்டிப் பின்னதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது நற்செய்தி ஆகாது. மேலும், அருளானந்தர் 'போதும்' என்றது தமக்கு வேண்டியவற்றைக் குறித்தே. பிறருக்கு ஆற்ற வேண்டிய பணியில் அவர் ஒருநாளும் 'போதும்' என்று சொல்லவில்லை. அவ்வாறு சொல்லியிருந்தால், தடையை மீறி மறவ நாட்டிற்கு மீண்டும் வந்திருப்பாரா?

நன்றியுணர்வும் இங்கேதான் பிறக்கிறது. அயல்நாட்டிலிருந்து வந்த அத்துறவி உண்ட அரிசி இம்மண்ணின் உழவர் விளைவித்தது. அவரோடு அடிபட்ட உபதேசியார்களின் பெயர்களை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? மறைப்பணியாளர் நமக்குத் தந்தவற்றை விழா எடுத்து நினைவுகூர்கிறோம்; அவர்கள் நம் முன்னோரிடம் பெற்றுக்கொண்டவற்றைப் பெரும்பாலும் பேசுவதில்லை. பிலிப்பியருக்குச் சிறையிலிருந்து எழுதிய பவுலடியாரும் தம் மனநிறைவைச் சொன்ன கையோடு, உதவி அனுப்பியவர்களை நன்றியோடு நினைவுகூர்ந்தார் அல்லவா?

அடுத்த ஞாயிறு அம்மூதாட்டியைத் தேடிச் சென்று சொன்னேன்: "அம்மா, போதும் என்று சொல்ல வேண்டியவன் நான். உங்களுக்குச் சேர வேண்டியதை நீங்கள் கேளுங்கள்." அவர் சிரித்துக்கொண்டே, "சாமி, முதல்ல சாப்பிட்டீங்களா?" என்றார்.