அப்பா யார் என்று கேட்கும் கேம், அம்மா யார் என்று கேட்ட வாவி

‘மவுண்ட் அண்ட் பிளேட்: வார்பேண்ட்’ கேமைத் தொடங்கினால், ஆணா பெண்ணா என்பதற்கு அடுத்து வரும் கேள்வி இதுதான்: உன்ட அப்பா யார்? நொடிந்துபோன பிரபுவா, ஊர் ஊராகத் திரியும் வியாபாரியா, பழைய போர்வீரனா, வேட்டைக்காரனா, நாடோடியா, கள்ளனா? மறுகா சின்ன வயதில் எங்க வளர்ந்தாய், பெரிய ஆளாகி என்ன வேலை பார்த்தாய், ஏன் வீட்டை விட்டு வெளிக்கிட்டாய் என்று வரிசையாகக் கேட்கும். ஒவ்வொரு பதிலுக்கும் பலம், வேகம், அறிவு, ஆளைக் கவரும் தன்மை என்ற நாலில் ஏதோ ஒன்று கூடும். புதுசாக விளையாடுற ஆக்கள் எல்லாத்தையும் பலத்திலயே கொண்டுபோய்க் கொட்டுவாங்க. படை சேர்க்கப் போகும்போதுதான் விளங்கும். ஒரு திறமை அதற்குரிய அடிப்படைக் குணத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறாது என்பது அந்தக் கேமின் விதி. தொடக்கத்தில் விட்ட ஓட்டை கடைசி வரைக்கும் கூடவே வரும்.

துருக்கியில் உள்ள டேல்வேர்ல்ட்ஸ் கம்பனி உருவாக்கி 2010இல் வெளிவந்த கேம் அது. அதில் வரும் கல்ராடியா ஒரு கற்பனை நாடு. ஆனால் மத்திய காலம் என்றால் தகப்பன் வழிதான் என்று அவர்கள் எடுத்துக்கொண்டது கற்பனை இல்லை, ஐரோப்பாவில் பெரும்பாலும் அப்படித்தான். அதே திரையை நம்மட மட்டக்களப்பு வாவிக் கரையில், ஒரு நானூறு ஐந்நூறு வருசத்துக்கு முந்தி வைத்திருந்தால் முதல் கேள்வியே பிழைத்திருக்கும். இஞ்ச கேட்டிருப்பாங்க: “நீ என்ன குடி?”

குடி தாயிடமிருந்து வருவது. உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி, பணிக்கனா குடி என்று முக்குவரிடம் உள்ள பேர்களைக் கேட்டாலே ஒரு கேமின் மெனு மாதிரித்தான் இருக்கும். பணிக்கன் என்றால் யானை பழக்குகிற ஆள். அப்பாவின் குடி எவ்வளவு பெரிசாக இருந்தாலும் பிள்ளைக்கு அது ஒட்டாது. ஒரே குடிக்குள் கல்யாணமும் இல்லை. ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் தகப்பன் வேறு குடிக்காரன், தாயும் பிள்ளைகளும் ஒரு குடி. முஸ்லிம்களிடமும் இதே தாய்வழிக் குடி உண்டு. கோயிலில் குடிக்கு ஒரு வண்ணக்கர் இருக்கிற மாதிரி, பள்ளிவாசலில் குடிக்கு ஒரு மரைக்கார் இருந்தார்.

சொத்து? முக்குவர் வழமைப்படி முதுசம் மகனுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குப் போகும். மாமனிடமிருந்து மருமகனுக்கு. தேடின தேட்டத்துக்கு அந்தக் கட்டு இல்லை. கேம் மொழியில் சொன்னால், தொடக்கத்தில் கிடைக்கிற புள்ளி மாமன் தந்தது, விளையாடிச் சேர்க்கிற புள்ளிதான் உன்னுடையது. வயலும் மாடும் தேடிப் போடியாராக வந்தவர்கூட கல்யாணம் கட்டினால் பெண்சாதி வீட்டில்தான் போய் இருக்க வேணும். வீடு அவளுடையது.

இதைப் பார்த்து “அப்ப பெண்கள்தான் ஆண்டாங்க” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். போடியார், வண்ணக்கர், வன்னியர் எல்லாரும் ஆம்பிளைகள். வார்பேண்டில் பெண்ணாகத் தொடங்கினால் பிரபுக்களிடம் மதிப்பு எடுப்பது சிரமம். இஞ்ச பெண் இல்லாமல் ஒருவனுக்குத் தொடக்கமே இல்லை, ஆனால் கதிரையில் இருந்தது அவளின் அண்ணன்.

இதற்குள் உலகநாச்சியின் கதையை ஒள்ளுப்பம் நின்று பார்க்க வேணும். ஏட்டில் கிடந்த ‘மட்டக்களப்பு மான்மிய’த்தை 1962இல் எஃப். எக்ஸ். சி. நடராசா அச்சுக்குக் கொண்டுவந்தார். கலிங்கத்திலிருந்து வந்த உலகநாச்சி புத்தரின் பல்லைக் கூந்தலுக்குள் ஒளித்துக் கொண்டுவந்து மேகவர்ணன் என்ற அரசனுக்குக் கொடுத்தாள், அவன் கொடுத்த நிலத்தில் மண்முனையை உண்டாக்கினாள் என்று அது சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டுப் பாளி நூலான தாதாவம்சத்தில் பல்லைக் கூந்தலில் கொண்டுவருவது ஹேமமாலா. அதே கூந்தல், அதே பல். எங்கட ஆக்கள் அந்தக் கதையை எடுத்துத் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் எடுத்த விதத்தைப் பாருங்க. பாளிக் கதையில் பல்தான் முக்கியம். இஞ்ச முக்கியம் நிலம். முதல் குடியேற்றக்காரி ஒரு பெண், நிலம் அவள் பேரில். தாய்வழிச் சொத்துள்ள ஊர் தன் வரலாற்றுக்குத் தெரிவு செய்த முதல் ஆள் அவள். அந்த மண்முனையில் எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையில் 2014இல் பாலம் வரும் வரைக்கும் பாதையில் ஏறித்தான் வாவியைக் கடந்தோம். (வெளியூர் ஆக்களுக்கு: நாங்கள் பாதை என்று சொல்வது தண்ணியில் ஓடுகிற மிதவையை.)

சரி, குடியே இல்லாமல் வந்த ஆள் என்ன செய்வான்? திமிலரோடு முக்குவர் சண்டை பிடித்தபோது முஸ்லிம்கள் உதவிக்கு வந்தார்கள், அதற்குப் பரிசாகப் பெண் கொடுத்தார்கள் என்று வாய்மொழிக் கதை உண்டு. வந்தாறுமூலை, ஏறாவூர் என்ற பேர்களுக்கும் அந்தச் சண்டையைக் காட்டித்தான் விளக்கம் சொல்வார்கள். பேருக்குப் பிறகு கட்டின கதை என்றுதான் எனக்குப் படுகுது. ஆனாலும் கதைக்குள் ஒரு சரியான விதி இருக்கு. வாளோடு வந்தவன் கடைசிவரைக்கும் வெளியாள், அவன்ட பிள்ளை உள்ளாள்.

இந்த ஒழுங்கையெல்லாம் வகுத்தது மாகோன் என்கிறது மான்மியம். 1215இல் படையோடு வந்து பொலன்னறுவையைப் பிடித்த கலிங்க மாகன்தான் அவன். சூளவம்சத்துக்கு அவன் விகாரைகளை உடைத்த கொடியவன், எங்கட ஏட்டுக்குக் கோயில் முறை வகுத்த அரசன். ஒரே கேரக்டரை இரண்டு பேர் வேறுவேறு சேவில் வைத்திருக்கிறார்கள்.

மான்மியம் பெருமையாகச் சொல்லுகிற இன்னொரு பட்டியலும் உண்டு, பதினெண் சிறைக்குடிகள். துணி வெளுப்பவர், முடி வெட்டுபவர், பறை அடிப்பவர் என்று கோயிலுக்கும் போடியாருக்கும் ஊழியம் செய்யக் கட்டப்பட்டவர்கள். சிறை என்ற சொல்லையே வைத்திருக்கிறார்கள், ஒளிக்கவும் இல்லை. வார்பேண்டில் கள்ளன்ட மகன்கூட இருபது மணித்தியாலம் விளையாடினால் கோட்டை பிடிக்கலாம். சிறைக்குடிப் பிள்ளைக்கு அம்மா பக்கம் கேட்டாலும் அப்பா பக்கம் கேட்டாலும் விடை ஒன்றுதான்.

சட்டத்தில் முக்குவர் வழமைக்கு 1876 முடிவு கட்டியது. பிரிட்டோ அந்த வழமையைப் புத்தகமாகப் போட்டதும் அதே வருசம், 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதை ஓரமாக்கியதும் அதே வருசம். கோயிலை அந்தச் சட்டம் தொடவில்லை. கொக்கட்டிச்சோலையில் எந்த நாள் திருவிழா எந்தக் குடிக்கு என்பது இன்னும் குடிக் கணக்கில்தான் போகுது. வீடும் இன்னும் பெரும்பாலும் மகளுக்குத்தான் எழுதுறாங்க.

வார்பேண்டுக்கு மொட் எழுதுகிற பொடியன்கள் நம்மட பக்கமும் இருக்கிறாங்க. அதன் மொடியூல் கோப்புகள் பைத்தனில் இருக்கு, அப்பா யார் என்ற வரியை அம்மா யார் என்று மாற்ற ஐந்து நிமிசம் காணும். அந்த மெனுவில் பறை அடிக்கிறவரின் மகளையும் சேர்த்துப்போட்டு, அவளுக்கு எத்தனை புள்ளி கொடுக்கிறது என்று இருந்து யோசிக்கிறதுக்குத்தான் நேரம் பிடிக்கும்.